தாத்தாவின் ராலேயும் பினாங்கில் ஐந்து நாளும்

ஜூன் 19, 2024, புதன், ஜெலுத்தோங்

மாமா போனில் அதிகம் பேசுகிறவர் இல்லை. வீட்டை ஒப்படைத்துவிட்டு அடுத்த மாதம் ஃபிளாட்டுக்குப் போகிறோம், உன் தாத்தா சைக்கிளை வந்து எடுத்துக்கொள்கிறாயா, இல்லை பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடவா என்று கேட்டார், வைத்துவிட்டார். கோலாலம்பூரில் மேலாளரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன், சனி ஞாயிறையும் சேர்த்தால் ஐந்து நாள். என்ன விஷயம் என்றார். சைக்கிள் என்றேன். கார்பன் ஃபிரேம், ஹெல்மெட், பந்தயம் என்று அவராக எதையோ நினைத்துக்கொண்டார் போல, உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பின்கட்டுத் தகரக் கொட்டகையில் இரண்டு காஸ் தோங்குக்கும் ஓர் உடைந்த ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் நின்றிருந்தது. இரண்டு டயரும் தரையோடு தரையாக. கறுப்புப் பெயிண்டின் மேல் மெல்லிய பொன் கோடு, அதில் பாதி அழிந்துபோய்விட்டது. முகப்பில் ராலே கம்பெனியின் நாரைத் தலைச் சின்னமும் நாட்டிங்ஹாம் இங்கிலாந்து என்ற எழுத்தும் மட்டும் நேற்று அடித்தது போலப் பளிச்சென்று இருந்தன, அத்தை தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேய்ப்பாராம். தூக்கிப் பார்த்தேன், எப்படியும் இருபது கிலோ இருக்கும். செயினை முழுசாக மூடும் தகரப் பெட்டி, இரும்பு மட்கார்டு, பின்னால் ஒரு மூட்டை அரிசி ஏற்றக்கூடிய கேரியர். அந்தக் காலத்தில் யாரும் எடையைக் குறைப்பது பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஜெலுத்தோங்கிலிருந்து ஸ்வெட்டன்ஹாம் பியருக்கு முப்பது வருஷம் இதில்தான் போய் வந்தார். ராத்திரி வீட்டுக்குள்ளே, கட்டில் பக்கத்தில்தான் சைக்கிளை நிறுத்துவாராம். ஏன் என்று கேட்டதற்கு மாமா ஜப்பான்காரன் காலத்துக் கதையைச் சொன்னார். 1941 டிசம்பரில் ஜப்பான் ராணுவம் மலாயாவுக்குள் சைக்கிளிலேயே இறங்கி வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான், வழியில் கண்ட சைக்கிளை எல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள், டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள், அந்தச் சத்தத்தை டாங்கி வருவதாக எண்ணி எதிரிகள் பயந்தார்கள் என்றும் சொல்வார்கள். பிடுங்கப்பட்டதில் ஒன்று தாத்தாவின் அப்பாவுடையது. பதினோரு வயதுப் பையனாகத் தாத்தா அதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அப்புறம் வாசலில் சைக்கிளை விட எப்படி மனசு வரும்.

சாயங்காலம் லாரிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கோலாலம்பூருக்கு ஒரு சைக்கிள் ஏற்ற என்ன ஆகும் என்று கேட்டேன். 250 வெள்ளி, அதாவது ரிங்கிட். போன மாதம் அவர் மாமாவிடம் சொன்னது 150. இந்த மாதம் 10-ஆம் தேதி டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆகிவிட்டதாம், நானா ஏற்றினேன் என்று என்னிடமே கேட்டார்.

மாமா மகன் வந்தான். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் காப்பிக் கடை வைத்திருக்கிறான், ஒரு காப்பி பதினான்கு வெள்ளி விற்கிற மாதிரிக் கடை. சைக்கிளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், எண்ணூறு வெள்ளி தரேன், குடுத்துடு. செவத்துல மாட்டி மஞ்ச லைட் போட்டா அம்சமா இருக்கும்" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நேர்மையாகச் சொல்கிறேன், லாரிக்கு 250 கொடுப்பதைவிடச் சுவருக்கு 800 வாங்குவது நல்லதாகத்தான் பட்டது அன்றைக்கு.

ராத்திரி அம்மா போன் செய்தார். "அது 1954 ஆவணியில எங்கப்பா தன் கல்யாணத்துக்கு வாங்கின சைக்கிள். பத்திரம்."

ஜூன் 20, வியாழன், ஜெலுத்தோங், லிட்டில் இந்தியா

கோலாலம்பூரிலேயே இரண்டு புது டயர் வாங்கி வந்திருந்தேன், 28 இஞ்ச் என்று அளந்து கேட்டுத்தான் வாங்கினேன். மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஒரு சீனப் பெரியவர் கடை, பனியனும் அரைக்கால் சட்டையும், எழுபத்தைந்து வயதிருக்கும். டயரைக் கையில் வாங்கினார், ரிம்மில் வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, இது வேற இருபத்தெட்டு."

28 என்பதில் இரண்டு மூன்று வகை இருக்கிறதாம். நான் வாங்கியது இப்போதைய சைக்கிள்களில் வருகிற 622 மில்லிமீட்டர். ராலேக்கு வேண்டியது ஒன்றரை இஞ்ச் அகலமுள்ள பழைய 28, அதன் ரிம் 635. பதிமூன்று மில்லிமீட்டர்தானே, இழுத்துப் போட்டால் ஏறாதா என்று கேட்டேன். ட்யூப் ஏறும், டயர் ஏறாது என்றார், விளிம்பில் இரும்புக் கம்பி இருக்கிறது. பிறகு உத்தரத்துக் கொக்கியிலிருந்து தூசி படிந்த இரண்டு டயரை இறக்கினார், இந்தியாவில் செய்தது. அங்கே இன்னும் பால்காரர்கள் ஓட்டுகிற சைக்கிளுக்கு அதே அளவுதான் என்பதால் அந்த நாடு இருக்கும் வரைக்கும் டயருக்குக் கவலை இல்லை என்று சொன்னார். ஒன்று 22 வெள்ளி. நான் கொண்டுவந்த இரண்டும் இப்போது மாமா வீட்டில் பூந்தொட்டியைச் சுற்றிக் கிடக்கின்றன.

பின்சக்கர ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தில்தான் வேலை அதிகம். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற மூன்று கியர் ஹப் அது, பல்சக்கரம் எல்லாம் உள்ளேயே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. 1936-இல் வந்த வடிவம், கம்பெனி 2000-இல் தைவானுக்குக் கைமாறிய பிறகும் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறார்கள். மேலே ஒரு சின்ன மூடி இருக்கிறது, அதைத் திறந்து மாதம் ஒருமுறை லேசான எண்ணெய் சில சொட்டு விட வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு. பெரியவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். உள்ளே இருந்தது பசை மாதிரி ஏதோ. மாமாவுக்குப் போன் போட்டேன், கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு பத்து வருஷத்துக்கு முன்னால் சமையல் எண்ணெய் ஊற்றியதை ஒப்புக்கொண்டார். "எண்ணெய்தானே" என்றார். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ ஒன்றரை மணி நேரம் ஆனது.

அழுக்குப் போனதும் ஹப்பின் மேல் எழுத்து தெரிந்தது. ஏ.டபிள்யூ. என்ற மாடல் பெயர், பக்கத்தில் 57, அதற்குப் பக்கத்தில் 4. வருஷமும் மாதமும் என்றார் பெரியவர், 1957 ஏப்ரல், மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, நான்கு மாதம் முன்னால். நான் அங்கிருந்தே அம்மாவுக்கு அடித்து, கல்யாணத்துக்கு வாங்கினது இல்லையாம், மூன்று வருஷம் கழித்துத்தானாம் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "ஓ, அந்த இரும்புக்கு எல்லாம் தெரியுமோ" என்று அம்மா வைத்துவிட்டார். ராத்திரி போன் வரவில்லை.

பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னையும் மாற்றினார், இடது பக்கத்தில் மட்டும். புது ஆணியை அரத்தில் ராவி ராவி, போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி ராவி. வலது பக்கமும் மாற்றலாமா என்று கேட்டார், 5 வெள்ளி, நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் கஞ்சத்தனம் செய்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நானாக, கறுப்புப் பெயிண்ட் புதிதாக அடித்துத் தருவீர்களா என்று கேட்டேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அடிச்சு? எங்கே மாட்டப் போறே?" என்றார். மச்சான் இவரிடமும் வந்து போயிருக்கிறானோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தெருவில் அவர் பழுது பார்த்த சைக்கிளில் பத்துக்கு ஏழு இப்போது ஏதாவது ஒரு கடைச் சுவரில் இருக்கிறதாம், செயினுக்கு எண்ணெய் போட யாரும் வருவதில்லையாம். மொத்தம் 96 வெள்ளி, ஒரு கண்ணாடிக் கிளாஸ் கோப்பி ஓ என்கிற கறுப்புக் காப்பி இலவசம்.

சாயங்காலம் வெல்ட் கீ வழியாக ஓட்டிப் போனேன். முதல் ஐந்து நிமிஷம் பயமாகவே இருந்தது, சீட் உயரத்தில் உட்கார்ந்தால் முதுகு நேராக நிற்கிறது, ஹேண்டில்பார் மடிக்கு வருகிறது, வளைவுகளில் அது நம்மைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. பிறகு பழகிவிட்டது. நீளமான உடம்பு என்பதால் ரோட்டுக் குழியெல்லாம் சோபாவில் உட்கார்ந்து கேட்பது போலத்தான் இருக்கிறது. பிரேக்குக்கு ஒயர் கிடையாது, கம்பிதான், லிவரைப் பிடித்தால் கம்பி மேலே இழுத்து ரப்பர் கட்டையை ரிம்மின் உள்பக்கமாக அழுத்தும். காய்ந்த ரோட்டில் நிற்கிறது, ஆனால் நேரம் எடுத்துக்கொள்கிறது.

லிட்டில் இந்தியாவில் தோசை, வடை, தே தாரிக், ஆறரை வெள்ளி. சைக்கிளைக் கண் படும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன். வேட்டி கட்டிய ஒரு தாத்தா வந்தார், யாருடையது என்றுகூடப் பார்க்காமல் மணியை இரண்டு முறை அடித்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். அடுத்தது பூக்கடைப் பையன். அடுத்தது ஒரு போலீஸ்காரர். நான் கை கழுவி வருவதற்குள் நாலு பேர். யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

ஜூன் 21, வெள்ளி, ஜார்ஜ் டவுன், தண்ணீர்மலை

காலையில் லெபு குவீன் மகாமாரியம்மன் கோயில். 1833-இலிருந்து அங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறது, தாத்தா சம்பள நாளில் இங்கே நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அவர் எங்கே நிறுத்துவார் என்று தெரியாது, நான் எதிர்ச்சாரியில் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு. ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் ஐஸ் காச்சாங் சாப்பிடலாம் என்று ஒரு பழைய சுவரில் ராலேயைச் சாய்த்துவிட்டுப் போனேன். அந்தத் தெருவில்தான் 2012-இல் எர்னஸ்ட் சகரெவிச் வரைந்த அந்தப் படம் இருக்கிறது, சுவரில் இரண்டு பிள்ளைகள், அவர்கள் உட்கார்ந்திருப்பது சுவரில் பதித்த நிஜமான பழைய சைக்கிள். அதன் முன்னால் எந்நேரமும் வரிசை நிற்கும். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் என் சைக்கிளுக்கு முன்னாலும் ஒரு வரிசை. குடையோடு ஒரு அம்மா சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார், மகள் கேரியரில், கணவர் ரோட்டில் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், பின்னால் ஏழெட்டுப் பேர் வெயிலில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் போய் ஹேண்டில்பாரைப் பிடித்ததும் வரிசையில் நின்ற ஒரு பையன், "எக்ஸ்கியூஸ் மீ, லைன் அங்கே ஆரம்பிக்குது" என்று கை காட்டினான். சொன்னால் நம்புவீர்களா, நான் வரிசையில் போய் நின்றேன். வேறு என்ன செய்வது. என் முறை வந்ததும் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். பின்னால் ஒரு கூச்சல்.

அந்தப் படத்தைக் குறை சொல்லவில்லை, நல்ல படம்தான். ஆனால் அதற்குப் பிறகு இந்த ஊரில் பழைய சைக்கிள் என்றாலே ஓடாத பொருள் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு மட்டும் பதினொரு சைக்கிள் எண்ணினேன், ஐந்து கடைச் சுவரில், மூன்று பூந்தொட்டி தாங்கிக்கொண்டு, இரண்டு தங்கும் விடுதி வாசலில் செயினில்லாமல், ஒன்று கூரையிலிருந்து தலைகீழாக. மச்சான் கடையையும் பார்த்தேன். சுவரில் ஆணி அடித்து ரெடியாக இருந்தது. "இங்கதான்" என்று காட்டினான். காப்பி நன்றாகவே இருந்தது, காசு வாங்கவில்லை, அதனால் மறுப்புச் சொல்ல இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மத்தியானம் மெக்காலிஸ்டர் ரோட்டில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் என் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். பழைய சைக்கிள் சேகரிக்கிறவராம். ஆயிரத்து இருநூறு தருகிறேன் என்றார். விற்கவில்லை என்றேன். உடனே சீட் ஒரிஜினல் இல்லை, பின்சக்கரம் மாற்றியது, மணி வேறு கம்பெனி என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு சிக்னல் கூட வந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பேசுவது மாதிரி. பின்சக்கரம் என்று அவர் சொன்னது மட்டும் மனசில் தங்கியது.

தண்ணீர்மலையில் செட்டியார் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், மேலே பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படி ஏற முழங்கால் இடம் தரவில்லை. இறங்கும்போது மழை பிடித்தது, சாதாரண மழை இல்லை, முன்னால் போகும் காடியே தெரியாத மழை. குரோம் பூசிய இரும்பு ரிம்மில் தண்ணீர் பட்டால் ரப்பர் கட்டை பிடிக்காது என்று எங்கேயோ படித்திருந்தேன், அந்தச் சரிவில்தான் அதற்குச் செய்முறை விளக்கம் கிடைத்தது. இரண்டு லிவரையும் அடிவரை அழுத்துகிறேன், சைக்கிள் பாட்டுக்குப் போகிறது. செருப்பை ரோட்டில் தேய்த்தேன், ஒரு செருப்பு போனது. கடைசியில் அர்ச்சனைத் தட்டு விற்கும் கடையின் தேங்காய்க் குவியல்தான் நிறுத்தியது. தேங்காய்கள் சாக்கடை வரைக்கும் உருண்டன.

கடைக்கார அக்கா முதலில் கத்தினார், நியாயம்தான். பிறகு நானும் அவரும் மழையில் நனைந்துகொண்டே பொறுக்கினோம். மூன்று உடைந்திருந்தது. காசு கொடுத்தேன், சரியாக எண்ணி வாங்கிக்கொண்டார், பத்து வெள்ளிக்கு ஒரு வெள்ளி மிச்சம்கூடக் கொடுத்தார். "எங்கப்பா ரொட்டி வித்தாரு, இதே மாதிரி சைக்கிள்தான். மழைன்னா எறங்கித் தள்ளிட்டுத்தான் வருவாரு, ஒங்களை மாதிரி மேல ஒக்காந்துட்டு வரமாட்டாரு" என்றார். மிச்சத் தூரம் தள்ளிக்கொண்டே போனேன், ஒற்றைச் செருப்போடு.

ஜூன் 22, சனி, பாலிக் பூலாவ் போகும் வழி

தீவை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவது என்று திட்டம். எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். மாமா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் போன் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தார், என் போனிலேயே இருக்கிற நம்பர். சாலையில் கிடந்தால் யாராவது கூப்பிடுவார்களாம்.

ஆறரைக்குக் கிளம்பினேன். தஞ்சோங் பூங்காவில் இடியாப்பம், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு, நாலு வெள்ளி, இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே அதுதான் உருப்படி. அதற்குப் பிறகு ஏற்றம் ஆரம்பம். நேராகச் சொன்னால், இரண்டாவது கியர் சாதாரணம், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு கனம் கூட, முதலாவது கால் பங்கு லேசு. இருபது கிலோ இரும்புக்கும் என் எண்பத்தெட்டு கிலோவுக்கும் அந்தக் கால் பங்கு எந்த மூலைக்கு. ஒரு திருப்பத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன், பெடல் ஒன்றையும் பிடிக்காமல் சர்ரென்று சுற்றியது, நான் பாரின் மேல் இறங்கினேன். எங்கே இறங்கினேன் என்று எழுதத் தேவையில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கியரே இல்லாத ஓர் இடம் இருக்கிறது, ஒயர் கொஞ்சம் தளர்ந்தாலும் அங்கே போய் விழும் என்று சீனப் பெரியவர் எச்சரித்திருந்தார். அச்சிலிருந்து வெளியே வருகிற தீக்குச்சி நீளச் சங்கிலி ஒன்று இருக்கிறது, அதன் திருகை அரைச் சுற்று முறுக்கினால் சரியாகிவிடும். முறுக்கினேன், சரியாகிவிட்டது. ஆனால் உட்கார்வது மட்டும் சரியாக அரைமணி நேரம் ஆனது.

பத்து ஃபெரிங்கியில் காடிகள் ஹாரன் அடித்தே தள்ளின. ஒரு காடியிலிருந்து இளைஞன் எட்டிப் பார்த்து, "அங்கிள், மியூசியம் அந்தப் பக்கம்!" என்றான். தெலுக் பஹாங் அணையைத் தாண்டியதும் ஏறி ஓட்டுவதை விட்டுவிட்டேன், மலை முழுக்கத் தள்ளினேன். காட்டு வாசனை, ஜாதிக்காய் வாசனை, எங்கிருந்தோ டுரியான் வாசனை, வியர்வை. ஒல்லி டயர்க்காரர்கள் பளபளச் சட்டையோடு கும்பலாகத் தாண்டிப் போனார்கள், ஒவ்வொருவரும் கட்டைவிரலைக் காட்டினார்கள், யாரும் நிற்கவில்லை.

தித்தி கெராவாங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சமதளம் வந்தது, ஆசையாக ஏறி மிதித்தேன். டக், டக், டக். ஒவ்வொரு சுற்றுக்கும் வலது பெடலில் ஒரு தட்டு. அந்த ஐந்து வெள்ளி. வலது காட்டர் பின் தேய்ந்து கிராங்க், அதாவது பெடல் தண்டு, ஆடுகிறது, நட்டு வேறு எங்கேயோ விழுந்துவிட்டது. இன்னும் பத்து மிதி மிதித்திருந்தால் கழன்று கையோடு வந்திருக்கும்.

டுரியான் கடை ஒன்று இருந்தது. மலாய்க்கார பாக்சிக், அதாவது பெரியவர், கூட அவர் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு மரக்கட்டையை கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் இரண்டே அடி, உள்ளே இறக்கினார். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் உள்ளே பேரிங் கெட்டுவிடும் என்றார், அவர் அப்பா கித்தா (ரப்பர்) பால் தோம்பை ராலேயில்தான் கொண்டு போவாராம். நட்டுக்குப் பதில் கம்பியைச் சுற்றினார். "இது இறக்கத்துக்குத் தாங்கும், மிதிக்காதே" என்றார். காசு வேண்டாம் என்றுவிட்டார், ஆனால் ஒரு டுரியானைத் தட்டிப் பார்த்து எடை போட்டு முன்னால் வைத்தார், அதில் வேண்டாம் என்கிற பேச்சே இல்லை. ஆங் ஹே ரகம், கிலோ 38 வெள்ளி, ஒன்றரைக் கிலோ. ஐம்பத்தேழு வெள்ளிக்கு நடந்த ரிப்பேர் என்று வைத்துக்கொள்ளலாம். சிவந்த சுளை, கடைசியில் ஒரு கசப்பு. ரோட்டோரத்தில் ஒரு கால் செருப்பும் ஒரு கால் மாமாவின் பழைய ஷூவுமாக உட்கார்ந்து முழுவதையும் தனியாகச் சாப்பிட்டேன், வருத்தம் இல்லை.

பாக்சிக்கின் பிக்கப் டுரியான் ஏற்றிக்கொண்டு பாலிக் பூலாவ் போனது, அதில் கூடைகளுக்கு நடுவில் ராலேயும் நானும். தீவைச் சுற்றுவது அத்தோடு முடிந்தது. லக்சா சாப்பிட்டேன், புளியும் மீனும் போட்டது, ஏழு வெள்ளி. பிறகு மாமாவின் நண்பர் வேனோடு வந்து கூட்டிப் போனார். துண்டுக் காகிதம் தேவைப்படவில்லை, ஆனாலும் மாமா முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

ராத்திரி சாப்பாட்டில் சேகரிப்பாளர் பின்சக்கரம் பற்றிச் சொன்னதை எடுத்தேன். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "வெல்ட் கீயில லாரி ஏத்திட்டான்ல, பின்னாடி முழுக்க நெளிஞ்சு போச்சே. புதுச் சக்கரம் போட்டாரு. அப்ப நான் பொறக்கவே இல்ல" என்றார். இதை வியாழக்கிழமையே சொல்லக் கூடாதா என்றேன். நீ கேட்கவில்லையே என்றார்.

ஜூன் 23, ஞாயிறு, ஃபெர்ரி

மச்சானிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் முகம் தொங்கியது, பிறகு, "சரி, ஹெர்குலிஸ் ஏதாவது கெடைச்சா சொல்லு, ஆணி அடிச்சுட்டேன்ல" என்றான்.

லாரிக்கு 250 கொடுக்கவும் மனசில்லை. பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டுப் பக்கத்தில் ஒருவர் செலாயாங் மொத்தச் சந்தைக்கு ஞாயிறு ராத்திரி வேன் ஓட்டுகிறார், 120 வெள்ளிக்கு ஏற்றிக்கொள்கிறேன் என்றார். அக்கரைக்குப் போக வேண்டும். பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, 1985-இல் திறந்ததிலிருந்தே பதின்மூன்றரைக் கிலோமீட்டரையும் எஞ்சின்காரர்களுக்கே எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் ஃபெர்ரி. போன வருஷம் விட்ட புதுப் படகு, ஏசி போட்ட இருக்கை எல்லாம் இருக்கிறது, நான் மோட்டார்களோடு கீழ்த்தளத்தில் நின்றேன். பழைய மஞ்சள் ஃபெர்ரியில் காற்று முகத்தில் அடிக்கும், அது இல்லை.

கால்மணிப் பயணம், கையில் வேலை இல்லை. முந்தாநாள் மழைச் சேறும் நேற்றைய மலைச் சேறும் முன்சக்கரத்தில் அப்பியிருந்தது, கைக்குட்டையால் துடைத்தேன். முன் ஹப் பெரிசு, டப்பா மாதிரி, உள்ளேயே டைனமோ, சக்கரம் சுற்றினால் விளக்குக்கு 6 வோல்ட் வரும். விளக்கு எரியாததால் சீனப் பெரியவரும் அதைத் தொடவில்லை, கறுத்த கிரீஸ் ஒரு விரல் தடிமன். நகத்தால் சுரண்டச் சுரண்ட எழுத்து வந்தது. முதலில் ஒரு 5. மறுபடி எச்சில் தொட்டுத் துடைத்தேன். 54. பக்கத்தில் 3.

பக்கத்தில் மோட்டாரில் சாய்ந்திருந்த ஒரு சீனப் பெண் என்ன பார்க்கிறாய் என்று கேட்டாள், காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு மணியை அடித்தாள்.

பட்டர்வொர்த்தில் இறங்குவதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டேன். 1954 மார்ச் என்று முன்சக்கரத்தில் இருக்கிறது, பின்சக்கரம்தான் பிறகு மாற்றியது, நீங்கள் சொன்னது சரி என்றேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.

"தெரியும். பசியாறிட்டியா?"

பசியாறிவிட்டேன் என்றேன். வேன்காரர் அதற்குள் வந்துவிட்டார், ஐஸ் பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்தார். எதில் ஏற்றுகிறாய் என்று அம்மா கேட்டார், மீன் வேன் என்று சொன்னேன், நின்ற இடத்தில் சோத்தோங், அதாவது கணவாய்ப் பெட்டிகள்தான், அவற்றின் மேலே ஒரு சாக்கை விரித்து ராலேயைப் படுக்க வைத்துக் கயிறு கட்டுகிறார் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"சோத்தோங் மேலயா?" என்று ஆரம்பித்தார் அம்மா.